வாரத்துல நாலு நாள் கவுன்சில், ஒரு நாள் காலேஜ்: இங்கிலாந்துல டவுன் பிளானர் உருவாகுற விதம்

சென்னையில வீடு கட்ட கிளம்புறவங்க முதல்ல கேக்குறது எஃப்எஸ்ஐ (நிலத்தோட பரப்புல எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம்ங்கற கணக்கு) எவ்ளோ, ரோடு அகலம் எவ்ளோ, எல்லையிலேர்ந்து செட்பேக் எவ்ளோ விடணும்ங்கறதுதான். 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்ல இதெல்லாம் நம்பராவே இருக்கு, ஹைரைஸ் இல்லாத கட்டடத்துக்கு அடிப்படை எஃப்எஸ்ஐ 2, ஹைரைஸுக்கு 3.25 அப்படின்னு. நம்பர் பொருந்துச்சுன்னா அனுமதி, பொருந்தலைன்னா இல்ல. நடைமுறையில என்னென்ன நடக்குதுங்கறது வேற விஷயம், ஆனா சட்டத்தோட அடிப்படை அதுதான். இங்கிலாந்துக்கு வந்து பிளானிங் பக்கம் எட்டிப் பாக்குற நம்ம ஆளுங்களுக்கு முதல் அதிர்ச்சியே இங்கதான் வரும், ஏன்னா இங்க அந்த மாதிரி ஒரு நம்பர் புக் கிடையாது.

இங்க நிலம் உங்களோடதா இருக்கலாம், ஆனா அதுல கட்டுற உரிமை உங்களோடது இல்ல. 1947ல வந்த டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் ஆக்ட், 1948 ஜூலை 1லேர்ந்து அந்த உரிமையை அரசாங்கத்து கைக்கு மாத்திடுச்சு, அதுக்கப்புறம் எதைக் கட்டணும்னாலும், ஒரு கட்டடத்தோட உபயோகத்தை மாத்தணும்னாலும் லோக்கல் கவுன்சில் கிட்ட பர்மிஷன் வாங்கணும். சின்ன சின்ன வேலைக்கு பெர்மிட்டட் டெவலப்மெண்ட்னு விலக்கு இருக்கு, அதுல மட்டும் நம்பர் உண்டு, அதாவது ஒட்டு வீட்டுக்கு (பக்கத்து வீட்டோட சுவர் ஒட்டின வீடு) பின்னாடி 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர் வரைக்கும் ஒரு மாடி எக்ஸ்டென்ஷன் போட்டுக்கலாம்ங்கற மாதிரி. அதைத் தாண்டிட்டா ஒவ்வொரு அப்ளிகேஷனும் தனித்தனியா ஒரு ஆளோட மேஜைக்கு வந்து, அவர் படிச்சு, போய்ப் பாத்து, யோசிச்சு, எழுதி முடிவு பண்ணணும். 2004ல வந்த பிளானிங் சட்டத்தோட 38(6) பிரிவு சொல்றது இதுதான்: உள்ளூர் பிளான்ல என்ன இருக்கோ அதும்படி முடிவெடு, ஆனா பொருட்படுத்த வேண்டிய வேற விஷயம் ஏதாவது இருந்து அது கனமா இருந்துச்சுன்னா அதும்படி எடு. அந்த "கனம்" எவ்ளோன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. அதை எடை போடுற வேலைதான் பிளானரோட வேலை.

நான் லண்டன் ஓரத்துல ஒரு கவுன்சில்ல ட்ரெய்னி பிளானரா இருந்துகிட்டே பார்ட் டைம்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். "ஏன் இப்படி ரெண்டு குதிரையில சவாரி, ஃபுல் டைமா ஒரே வருஷத்துல படிச்சு முடிச்சுட்டு வேலைக்குப் போலாமே"ன்னு ஊர்லேர்ந்து நிறைய பேர் கேப்பாங்க. அவங்களுக்காகவும், இங்க பிளஸ் டூ அளவுல பசங்க இருக்கற தமிழ் அப்பா அம்மாக்களுக்காகவும்தான் இதை எழுதுறேன், ஏன்னா டாக்டர் இன்ஜினியர் அக்கவுண்டண்ட் தாண்டி இப்படி ஒரு தொழில் இருக்குன்னே நம்ம வீடுகள்ல பேச்சு வர்றதில்ல. என்னோட நம்பிக்கை இதுதான்: இந்த ஊர் சிஸ்டம் முழுக்க முழுக்க மனுஷனோட ஜட்ஜ்மெண்ட் மேல நிக்குது, அந்த ஜட்ஜ்மெண்ட்டை கிளாஸ்ல மட்டும் உக்காந்து வாங்க முடியாது, ஆபீஸ்ல மட்டும் உக்காந்தும் வாங்க முடியாது, ரெண்டும் ஒரே வாரத்துல மோதிக்கிட்டாதான் வரும்.

இது புதுசும் இல்ல. 1909ல முதல் டவுன் பிளானிங் சட்டம் வந்த அதே வருஷம் லிவர்பூல் யுனிவர்சிட்டியில சிவிக் டிசைன் துறை ஆரம்பிச்சாங்க, பிளானிங்குக்குன்னு உலகத்துலயே முதல் யுனிவர்சிட்டி துறை அதுதான். 1914ல டவுன் பிளானிங் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சப்ப அதுல இருந்தவங்க ஆர்கிடெக்ட், இன்ஜினியர், சர்வேயர், வக்கீல் இந்த நாலு தொழில்காரங்க, ஏற்கெனவே வேலையில இருந்தவங்கதான் இன்ஸ்டிட்யூட் பரிட்சை எழுதி பிளானர் ஆனாங்க. 1950ல ஷுஸ்டர் கமிட்டி ரிப்போர்ட் வந்து, எந்தப் பாடத்துல டிகிரி வாங்கினவங்களும் அதுக்கப்புறம் பிளானிங் பயிற்சி எடுத்து இந்தத் தொழிலுக்கு வரலாம்னு கதவை அகலமா திறந்து விட்டுச்சு. 1959ல இன்ஸ்டிட்யூட்டுக்கு ராயல் சார்ட்டர் கிடைச்சுது, இப்ப அதைத்தான் ஆர்டிபிஐ (ராயல் டவுன் பிளானிங் இன்ஸ்டிட்யூட்)ன்னு சொல்றோம். ஜியாகிரபி, ஹிஸ்டரி, சோஷியாலஜி படிச்சவங்க எல்லாம் இன்னைக்கு என் டீம்ல இருக்காங்கன்னா அதுக்கு வேர் அந்த ரிப்போர்ட்ல இருக்கு.

இப்ப இருக்கற வழிகளைச் சொல்லிடறேன். ஒண்ணு, சார்ட்டர்ட் (அதாவது ஆர்டிபிஐ முழு அங்கீகாரம் கொடுத்த) டவுன் பிளானர் ஆகறதுக்கான அப்ரெண்டிஸ்ஷிப், 2019லேர்ந்து நடக்குது, லெவல் 7, அதாவது மாஸ்டர்ஸ் அளவு. ஏற்கெனவே டிகிரி இருந்தா ரெண்டு மூணு வருஷம், ஸ்கூல் முடிச்சு நேரா வந்தா அஞ்சாறு வருஷம் ஆகும். கவுன்சில் சம்பளம் கொடுக்கும், ஃபீஸ் ஒரு பைசா உங்ககிட்ட வாங்கக் கூடாது, ஏன்னா வருஷ சம்பள பில் 30 லட்சம் பவுண்டு தாண்டுற முதலாளிங்க எல்லாரும் 2017லேர்ந்து அரை சதவீதம் லெவி கட்டுறாங்க, அந்தப் பணத்துலேர்ந்து ஃபீஸ் போயிடும் (2026லேர்ந்து இதுல வயசு வரம்பு இருக்கு, பின்னாடி சொல்றேன்). ரெண்டாவது, டிகிரி முடிச்சவங்களுக்கு கவுன்சில்களோட கூட்டமைப்பான லோக்கல் கவர்ன்மெண்ட் அசோசியேஷன் நடத்துற பாத்வேஸ் டு பிளானிங், கவுன்சில்ல வேலை, கூடவே பார்ட் டைம் மாஸ்டர்ஸ். மூணாவது, பழைய வழி, கவுன்சில்லயோ கன்சல்டன்சியிலயோ அசிஸ்டண்ட் வேலை வாங்கிட்டு, அவங்க கொடுக்குற டே ரிலீஸ்ல (வாரத்துல ஒரு நாள் படிக்க விடறது) ரெண்டு வருஷம் பார்ட் டைமா படிக்கறது. பிளஸ் டூ அளவு மட்டும் முடிச்சு நிதானமா உள்ள நுழையறவங்களுக்கு டவுன் பிளானிங் அசிஸ்டண்ட்னு லெவல் 4 அப்ரெண்டிஸ்ஷிப்பும் இருக்கு. அப்ரெண்டிஸ்ஷிப்ல வேலைக்கு வெளிய படிக்கற நேரம்னு ஒண்ணு சட்டப்படி கொடுத்தே ஆகணும், முன்னாடி வேலை நேரத்துல 20 சதவீதம்னு இருந்துச்சு, 2022ல அதை வாரத்துக்கு குறைஞ்சது 6 மணி நேரம்னு மாத்தினாங்க, 2025 ஆகஸ்ட்லேர்ந்து ஒவ்வொரு அப்ரெண்டிஸ்ஷிப்புக்கும் தனித்தனியா குறைஞ்சபட்ச மணி நேரம் வச்சிருக்காங்க.

ஒரு விஷயம் தெளிவா சொல்லணும், ஏன்னா ஏஜென்ட்டுங்க இதுல நிறைய பேரை குழப்புறாங்க. ஊர்லேர்ந்து ஸ்டூடண்ட் விசாவுல வர்றவங்களுக்கு இந்த வழி கிடையாது. பார்ட் டைம் கோர்ஸுக்கு விசா எடுத்தா வேலையே பாக்கக் கூடாது, அப்ரெண்டிஸ்ஷிப் ஃபண்டிங்குக்கு பொதுவா மூணு வருஷம் இங்க குடியிருந்திருக்கணும். நேரா ஊர்லேர்ந்து வர நினைக்கிறவங்க ஃபுல் டைம் மாஸ்டர்ஸ் தான் பாக்கணும்.

சரி, ஆபீஸ்ல என்னதான் வேலை. ட்ரெய்னிக்கு முதல்ல கைக்கு வர்றது வேலிடேஷன், வந்த அப்ளிகேஷன் முழுசா இருக்கான்னு பாக்கறது. 1:1250 ஸ்கேல்ல லொகேஷன் பிளான் இருக்கா, நிலத்தைச் சுத்தி சிவப்புக் கோடு போட்டிருக்காங்களா, நார்த் பாயிண்ட் இருக்கா, ஸ்கேல் பார் இருக்கா, ஃபீஸ் சரியா கட்டியிருக்காங்களா. வீட்டு எக்ஸ்டென்ஷனுக்கு 258 பவுண்டா இருந்த ஃபீஸை 2025 ஏப்ரல்ல 528 பவுண்டா ஏத்தினாங்க, போன்ல பாதி நேரம் அதைப் பத்தின சண்டைதான். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு லெட்டர், அவங்க கருத்து சொல்ல 21 நாள், சைட் விசிட், ரிப்போர்ட். சின்ன அப்ளிகேஷன்னா 8 வாரம், பெருசுன்னா 13 வாரத்துக்குள்ள முடிவு சொல்லணும், அந்தக் கடிகாரம் முழுசான அப்ளிகேஷனும் ஃபீஸும் வந்து சேந்த அடுத்த நாள்லேர்ந்து ஓட ஆரம்பிச்சுடும். வீட்டு கேஸ் மாதிரி சின்னதெல்லாம் பெரும்பாலும் கவுன்சிலர்கள் உக்கார்ற கமிட்டிக்குப் போகாது, கேஸ் ஆபீசர் எழுதுற ரிப்போர்ட்டை சீனியர் படிச்சு கையெழுத்துப் போட்டா அதுதான் முடிவு. அதாவது வேலைக்கு சேந்து கொஞ்ச நாள்லயே நீங்க எழுதுற நாலு பக்கம் ஒரு குடும்பத்தோட சேமிப்பையும் பக்கத்து வீட்டோட வெளிச்சத்தையும் தீர்மானிக்கும். இதுல வர்ற பயம் நல்ல பயம்னுதான் நான் சொல்வேன்.

ஒரு கேஸ் சொல்றேன், அடையாளம் தெரியாம சில விவரத்தை மாத்தியிருக்கேன். ஒட்டு வீடு, யாழ்ப்பாணத்துலேர்ந்து பல வருஷம் முன்னாடி வந்த குடும்பம், வயசான அம்மாவை கூட்டிட்டு வந்து வச்சுக்கணும், முழங்கால் முடியாது, அதனால கீழ ஒரு பெட்ரூமும் ஷவரும், மேல பசங்களுக்கு ஒரு ரூமும் வர்ற மாதிரி ரெண்டு மாடி எக்ஸ்டென்ஷன். வீட்டுக்காரர் என் முகத்தையும் பேர் அட்டையையும் பாத்ததும் சந்தோஷமாயிட்டார்.

"தம்பி, நீங்கள் தமிழோ? அப்ப எங்கட அலுவல் சுகமா முடியும்தானே."

"அங்கிள், சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா உங்களுக்கு புரியற மாதிரி தமிழ்லயே விளக்கிச் சொல்றேன், அது என்னால முடியும்."

அவர் முகம் கொஞ்சம் சுருங்குச்சு, ஆனா டீ கொடுத்தாங்க, நான் குடிக்கல, சைட் விசிட்ல எதுவும் வாங்கிக்கறதில்லைன்னு சொன்னேன், அதுக்கும் வருத்தப்பட்டாங்க. தெரிஞ்சவங்க கேஸா இருந்தா முன்னாடியே ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு விலகிடணும், தெரியாதவங்களா இருந்தாலும் நம்ம மொழிங்கற ஒரு காரணத்துக்காக அவங்க எதிர்பாக்குற சலுகை இருக்கே, அதை மரியாதை குறையாம மறுக்கறது எப்படின்னு எந்த மாட்யூல்லயும் சொல்லித் தரல.

பின்பக்கம் போய் வேலிக்கு மேல எட்டிப் பாத்தா பக்கத்து வீட்டுல சுவரை ஒட்டியே ஒரு ஜன்னல், டிராயிங்ல அந்த ஜன்னலே இல்ல. விண்ணப்பதாரர் வீட்டை மட்டும் அழகா வரைஞ்சு பக்கத்து வீட்டை வெறும் பெட்டியா விட்டுடறது வழக்கமா நடக்குறதுதான், அதுக்குத்தான் நேர்ல போறது. நிறைய கவுன்சில்ல 45 டிகிரின்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, பக்கத்து வீட்டு ஜன்னலோட நடுவுலேர்ந்து 45 டிகிரியில ஒரு கோடு இழுத்து, புதுசா வர்ற கட்டடம் அந்தக் கோட்டை வெட்டினா அந்த ரூமுக்கு வெளிச்சம் அடிபடும்னு அர்த்தம். ஆனா அந்த ஜன்னல் எந்த ரூமோடது? பாத்ரூம்னா அவ்ளோ கவலையில்ல, சின்ன சமையல்கட்டுன்னா விவாதம், டைனிங் டேபிள் போட்டு குடும்பமா உக்காந்து சாப்பிடற சமையல் ரூம்னா முழு கனம் கொடுக்கணும். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்து காட்டினாங்க, டேபிள் ஜன்னலோரமா கிடந்துச்சு, பகல்ல அவங்க உக்கார்ற இடமே அதுதான். மேல் மாடி கோட்டை வெட்டுச்சு, கீழ் மாடி வெட்டல.

வீட்டுக்காரர் விடாம அம்மாவோட முழங்காலைப் பத்தியே பேசினார், எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. அந்த வாரம் பாத்து கிளாஸ்ல 1990 டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் சட்டத்தோட 75வது பிரிவு நடந்துச்சு: பர்மிஷன் ஆளுக்குக் கொடுக்கறதில்ல, நிலத்தோட சேந்து ஓடுறது. இன்னைக்கு இருக்கற அம்மாவுக்காகக் கட்டுற சுவர் அவங்க காலத்துக்கு அப்புறமும், இந்தக் குடும்பம் வித்துட்டுப் போன பின்னாடியும் அறுபது எழுபது வருஷம் அங்கேயே நிக்கும், பக்கத்து வீட்டு ஜன்னல் அத்தனை வருஷமும் இருட்டுல இருக்கும். அதனாலதான் தனிப்பட்ட சூழ்நிலைக்கு கனம் குறைவு, ஆனா சுத்தமா கனமே இல்லைன்னும் இல்ல. ஆபீஸ்ல சீனியர் "பெர்சனல் சர்கம்ஸ்டன்சஸ், லிமிடெட் வெயிட்"னு ஒரு வரியில எழுதச் சொல்லியிருந்தாங்க, நான் அதை ஏன்னு தெரியாமலே எழுதிகிட்டிருந்தேன், கிளாஸ் அதுக்குக் காரணம் கொடுத்துச்சு. கடைசியில கீழ்த் தளத்தை அப்படியே விட்டுட்டு மேல் தளத்தை மட்டும் உள்ள தள்ளி வரைஞ்சா சரியா வரும்னு ஆர்கிடெக்ட்கிட்ட பேசி, திருத்தின டிராயிங் வாங்கி, அனுமதி போச்சு. அம்மாவுக்கு ரூம் கிடைச்சுது, பசங்க ரூம் கொஞ்சம் சின்னதாச்சு. இப்படி நடுவுல ஒரு வழி இருக்கான்னு தேடிப் பாக்கற பொறுமைதான் இந்த வேலையில பாதின்னு நான் நினைக்கிறேன்.

இதுக்கு நேர் எதிர்த் திசையிலயும் நடக்கும், கிளாஸ்ல கத்துக்கறது ஆபீஸ் பழக்கத்தையே கேள்வி கேக்கும். எதிரெதிரா இருக்கற ரெண்டு வீட்டு ஜன்னலுக்கு நடுவுல 21 மீட்டர் இருக்கணும்னு இங்க நிறைய கவுன்சில் கைடன்ஸ்ல இருக்கு, ஆபீஸ்ல அதை பிரைவசி கணக்குன்னு சொல்லுவாங்க, ஒரு வீட்லேர்ந்து இன்னொரு வீட்டை எட்டிப் பாக்கக் கூடாதுன்னு. கிளாஸ்ல 1918ல வந்த டியூடர் வால்டர்ஸ் கமிட்டி ரிப்போர்ட் படிச்சப்ப தெரிஞ்சுது, அதுல 70 அடின்னு போட்டிருந்தது குளிர்காலத்துல சூரியன் தாழ இருக்கும்போதும் கீழ் வீட்டு ஜன்னலுக்கு வெயில் விழணும்ங்கறதுக்காக. முதல் உலகப் போர் முடியற நேரத்துல தொழிலாளர்களுக்கு வீடு கட்ட யோசிச்சப்ப, இருட்டுலயும் ஈரத்துலயும் ஜனங்க நோயில கிடந்ததைப் பாத்து எழுதின கணக்கு. 70 அடியை மீட்டர்ல மாத்தினா 21 சொச்சம். நூறு வருஷத்துல நம்பர் அப்படியே இருக்கு, காரணம் மாறிப் போச்சு. இது தெரிஞ்சதுக்கப்புறம் ஒரு அப்ளிகேஷன்ல 19 மீட்டர்னு வந்தா கண்ணை மூடிகிட்டு ரிஜெக்ட் பண்ணத் தோணல, எந்தத் திசை, எந்த வெயில், நடுவுல மரம் இருக்கா, உண்மையிலயே யாருக்கு என்ன பாதிப்புன்னு பாக்கத் தோணுது. ஃபுல் டைம் மாணவனா இருந்தா 1918 ரிப்போர்ட்டை பரிட்சைக்குப் படிச்சுட்டு மறந்திருப்பேன், வெறும் ஆபீஸ் ஆளா இருந்தா 21ஐ வேதமா நம்பியிருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரங்க எழுதுற லெட்டர்களும் அப்படித்தான். வீட்டு விலை குறைஞ்சிடும், வ்யூ போயிடும், அவங்க ஏற்கெனவே சத்தம் போடுறவங்க, இப்படி வர்றதுல பெரும்பகுதி சட்டப்படி கணக்குல சேராது, வெளிச்சம், சத்தம், டிராஃபிக், தோற்றம் இதெல்லாம்தான் சேரும். ஆபீஸ்ல அதைப் பிரிச்சு எடுத்து ரெண்டு வரியில சுருக்கி எழுதுறது ஒரு வேலை, அவ்ளோதான்னு நினைச்சேன். 1969ல ஸ்கெஃபிங்டன் கமிட்டி, பிளான் போடும்போதே ஜனங்களைக் கூப்பிட்டுக் கேக்கணும்னு சொன்னதுக்குப் பின்னாடி, அதுக்கு முந்தின வருஷங்கள்ல யாரையும் கேக்காம தெருத்தெருவா இடிச்சுத் தள்ளின வரலாறு இருக்குன்னு படிச்சதுக்கப்புறம் அந்த லெட்டர் ஒவ்வொண்ணையும் முழுசா படிக்கிறேன். நம்ம தமிழ் ஆளுங்க லெட்டர் எழுதுறது ரொம்பக் கம்மி. பக்கத்துல என்ன வந்தாலும் "நமக்கெதுக்கு வம்பு"ன்னு விட்டுடறாங்க, அப்புறம் கட்டி முடிச்சதும் வந்து கேக்கறாங்க, அப்ப ஒண்ணும் பண்ண முடியாது.

கஷ்டம் என்னன்னா நேரம். காலேஜ் இருக்கற நாள்ல 8 வாரக் கடிகாரம் நிக்காது. அஞ்சு நாள் ஆபீசர் கையில இருக்கற அளவுக்கே கேஸ் கொடுத்துட்டு நாலு நாள்ல முடிக்கச் சொல்ற மேனேஜர்களும் இருக்காங்க, கிளாஸ் நடுவுல போன் பண்ற, விண்ணப்பதாரர் சார்பா பேசற ஏஜென்ட்டுங்களும் இருக்காங்க. சாயந்திரம் வீட்டுக்கு வந்து சமைச்சு சாப்பிட்டு பசங்களைத் தூங்க வச்சுட்டு எஸ்ஸே எழுதறது, சனி ஞாயிறு முழுக்க டிசர்டேஷன், கல்யாணம் காதுகுத்துன்னு எதுக்கும் போக முடியாம சொந்தக்காரங்க கோவிச்சுக்கறது, இதெல்லாம் ரெண்டு மூணு வருஷத்துக்கு இருக்கும். குழந்தை இருக்கற பொண்ணுங்க இதைச் சமாளிக்கறதைப் பாத்தா எனக்கு உண்மையிலயே பெரிய மரியாதை. படிப்பு முடிஞ்சாலும் உடனே சார்ட்டர்ட் ஆயிட முடியாது, பார்ட் டைம் மாஸ்டர்ஸ் வழியில வந்தவங்க ஏபிசின்னு ஆர்டிபிஐ நடத்துற ஒரு மதிப்பீட்டுக்கு தங்களோட வேலை அனுபவம், ஒரு கேஸை எடுத்து அதுல தான் எப்படி யோசிச்சேன், எங்க தர்மசங்கடம் வந்துச்சு, அடுத்து என்ன கத்துக்கப் போறேன்னு எல்லாம் எழுதிக் கொடுக்கணும், அப்ரெண்டிஸ்ஷிப்ல வந்தவங்களுக்கு அதுக்குப் பதிலா கடைசியில ஒரு மதிப்பீடு. ரெண்டுலயுமே கேக்கறது ஏன் அந்த முடிவுங்கறதைத்தான், வேலை பாத்துகிட்டே படிச்சவங்களுக்கு சொல்றதுக்கு கைவசம் கேஸ் இருக்கும்.

இதெல்லாம் ஒரு தனி ஆளோட கேரியர் விஷயம் மட்டும்னா இவ்ளோ நீளமா எழுத மாட்டேன். 2013லேர்ந்து 2020க்குள்ள அரசாங்கத் துறையிலேர்ந்து கால்வாசி பிளானர்கள் வெளிய போயிட்டாங்கன்னு ஆர்டிபிஐயோட 2023 ரிப்போர்ட் சொல்லுது. பட்ஜெட் வெட்டு, பிரைவேட்ல கூட சம்பளம், கமிட்டியிலயும் ஃபேஸ்புக்லயும் வாங்குற திட்டு, எல்லாம் சேந்து. அனுபவசாலிங்க போனா கூடவே அந்த ஜட்ஜ்மெண்ட்டும் போயிடுது, புதுசா வர்றவங்களுக்கு சொல்லிக் கொடுக்கவும் ஆளில்ல. 2024ல வந்த லேபர் அரசாங்கம் இந்த பார்லிமெண்ட் காலத்துல இங்கிலாந்துல 15 லட்சம் வீடு கட்டணும்னு சொல்லிச்சு, கவுன்சில்களுக்கு கூடுதலா 300 பிளானர்கள் வேணும்னும் சொல்லிச்சு. முன்னூத்துச் சொச்சம் கவுன்சில்களுக்குப் பிரிச்சா ஒரு கவுன்சிலுக்கு ஒரு ஆள்.

அதே அரசாங்கம் 2025 மே மாசம் இன்னொண்ணும் அறிவிச்சுது: 2026 ஜனவரியிலேர்ந்து லெவல் 7 அப்ரெண்டிஸ்ஷிப்புக்கு லெவிப் பணம் 16லேர்ந்து 21 வயசுக்காரங்களுக்கு மட்டும்தான், அரசுக் காப்பகத்துல வளந்தவங்களுக்கும் சிறப்புக் கல்வித் திட்டத்துல இருக்கறவங்களுக்கும் மட்டும் 25 வயசுக்குக் கீழ வரைக்கும் விலக்கு. எம்பிஏ மாதிரி கோர்ஸுக்கு பெரிய கம்பெனிங்க இந்தப் பணத்தைச் செலவு பண்றாங்கங்கற விமர்சனம் ரொம்ப நாளா இருந்துச்சு, இளைஞர்களுக்கு பணம் போகட்டும்ங்கற நோக்கமும் புரியுது. ஆனா சார்ட்டர்ட் டவுன் பிளானரும் லெவல் 7தான், ஒரே கத்தியில ரெண்டையும் வெட்டிட்டாங்க. டிகிரி முடிக்கும்போதே 21, 22 ஆயிடும், அப்ப டிகிரி முடிச்சு வர்ற வழி கிட்டத்தட்ட அடைபட்ட மாதிரிதான். இன்னும் முக்கியமா, முப்பது வயசுல கவுன்சில் ரிசப்ஷன்லயோ பிளானிங் சப்போர்ட் டீம்லயோ பத்து வருஷமா வேலை பாத்துட்டு, அந்த ஊரைத் தெருத்தெருவா தெரிஞ்சு வச்சிருக்கற ஒருத்தருக்கு பிளானர் ஆகறதுக்கு இருந்த ஃபீஸ் இல்லாத வழி இது. குடும்பம் பிள்ளைகுட்டின்னு ஆனவங்களால வேலையை விட்டுட்டு ஃபுல் டைம் படிக்க முடியாது. இவங்களைத்தான் இந்த விதி வெளிய நிறுத்துது, எனக்கு இதுல பெரிய வருத்தம்.

ஊர் தெரிஞ்ச ஆள் ஏன் முக்கியம்னு நம்ம கோயில்களை வச்சே சொல்லலாம். வெஸ்ட் ஈலிங்ல கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கற கட்டடம் முன்னாடி கிறிஸ்தவ சாப்பல், தெரு பேரே சாப்பல் ரோடு, ஆடி மாசத் தேருக்கு ஆயிரக்கணக்குல ஜனம் வரும். லண்டன்ல இந்த மாதிரி பழைய சர்ச், ஹால், குடோன் எல்லாம் கோயிலா மாறியிருக்கு, இப்பவும் மாத்தக் கேட்டு அப்ளிகேஷன் வருது. சர்ச்சுலேர்ந்து கோயில்னா ரெண்டுமே வழிபாட்டு இடம், கட்டட உபயோகங்களை வகை பிரிச்சிருக்கற பட்டியல்ல ஒரே எஃப்1 வகுப்பு, உபயோகம் மாறினதாவே கணக்கில்ல. குடோன்லேர்ந்து கோயில்னா பர்மிஷன் வேணும், தொழில் நிலத்தைக் காப்பாத்தணும்ங்கற பாலிசி குறுக்க நிக்கும், பார்க்கிங், நாதஸ்வரம் தவில் சத்தம் எல்லாம் வரும். சாதாரண வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வருவாங்க, சிவராத்திரிக்கு எத்தனை பேர், அன்னதானம் எந்த நேரம், தேர் எத்தனை மணிக்கு தெருவுக்கு வரும்னு கேக்கத் தெரிஞ்ச ஆபீசர் இருந்தா அதுக்கேத்த கண்டிஷனோட வழி காட்ட முடியும். கேக்கத் தெரியாதவர் "வழிபாட்டு இடம், ஞாயித்துக்கிழமை காலை"ன்னு நினைச்சுகிட்டு டிரான்ஸ்போர்ட் ஸ்டேட்மெண்ட்டை வாங்கி வச்சா, தப்பான அனுமதியும் வரலாம், தப்பான மறுப்பும் வரலாம்.

இந்தியாவுலயும் பிரச்சனை சின்னது இல்ல. நிதி ஆயோக் 2021ல வெளியிட்ட ரிப்போர்ட்படி மாநிலங்களோட நகரமைப்புத் துறைகளுக்கு 12,000க்கு மேல பிளானர் பதவிகள் தேவை, அனுமதிச்சிருக்கறது 4,000க்கும் கீழ, அதுலயும் பாதிக்குக் கிட்ட காலி. 1951ல ஆரம்பிச்ச ஐடிபிஐ (இன்ஸ்டிட்யூட் ஆஃப் டவுன் பிளானர்ஸ், இந்தியா), வேலையில இருக்கறவங்க எழுதுற அசோசியேட்ஷிப் பரிட்சை நடத்தி எத்தனையோ பேரை பிளானர் ஆக்கியிருக்கு. இன்னைக்கு தமிழ்நாட்டு நகரமைப்புத் துறையான டிடிசிபி, சென்னைக்கான சிஎம்டிஏ, மாநகராட்சிகள்ல டிராஃப்ட்ஸ்மேனாவும் சர்வேயராவும் இருக்கற ஆட்களுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோட படிக்க விட்டு எம்.பிளான் வரைக்கும் கொண்டு போனா என்ன குறைஞ்சிடும்? களத்துல ஏரி எது, நீர்ப்பிடிப்பு எது, பட்டா எது, புறம்போக்கு எதுன்னு கண்ணாலயே தெரிஞ்சவங்க அவங்க.

இங்க இருக்கற நம்ம பசங்க யாராவது இந்தப் பக்கம் வர்றதா இருந்தா, 21 தாண்டறதுக்கு முன்னாடின்னா அப்ரெண்டிஸ்ஷிப்பைத் தேடுங்க, சேர்ற அன்னைக்கு இருக்கற வயசுதான் கணக்கு. தாண்டினவங்க பாத்வேஸ் டு பிளானிங்கையும், டே ரிலீஸ் கொடுக்கற கவுன்சில்களையும் பாருங்க. யுனிவர்சிட்டி கோர்ஸ் ஆர்டிபிஐ அங்கீகாரம் உள்ளதான்னு முதல்ல செக் பண்ணுங்க, அது இல்லைன்னா சார்ட்டர்ட் ஆகற பாதை நீளும். இன்டர்வியூல கடைசியா "எங்களைக் கேக்க ஏதாவது இருக்கா"ன்னு கேப்பாங்க, அப்ப கூச்சப்படாம கேளுங்க: காலேஜ் நாளுக்கு ஏத்த மாதிரி கேஸ் எண்ணிக்கையைக் குறைப்பீங்களா, என் ரிப்போர்ட்டைப் படிச்சு திருத்தப் போற சீனியர் யாரு, அவர் நிரந்தரமா இல்ல ஏஜென்சி ஆளா, கோர்ஸ் முடிஞ்சதும் போஸ்ட் உறுதியா, ஃபீஸ் நீங்க கட்டினா எத்தனை வருஷம் இங்கேயே இருக்கணும்னு எழுதி வாங்குவீங்க. நாலுல மூணுக்காவது தெளிவா பதில் சொல்ற கவுன்சில்ல சேருங்க.